ஏழாம் நம்பர் ஊட்டுக் கேசட்டு

"எழுதிக்கட்டுங்களா?"

அவங்களை நெனைச்சா மொதல்ல இந்தப் பேச்சுத்தான் காதுல விழுகுது. எதையும் கேக்காம எழுத மாட்டாங்க. எங்க ஊட்டுக்கு வந்த மொத நாளு அம்மா ஒரு சொம்பு தண்ணி குடுத்தாங்க. வாங்கிக் குடிச்சுப்போட்டு வாசக்கதவுல தொங்குன திரையைப் பாத்தாங்க. அத்தா, எங்க அப்பாவைத்தான் அப்படிக் கூப்புடுவோம், சவுதியில இருந்து அனுப்புன துணி அது, பச்சையில தங்கக்கலர் பூப்போட்டது. "இந்தத் திரை வெளிநாட்டுதுங்களா? எழுதிக்கட்டுங்களா?"ன்னு கேட்டாங்க. அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கலை. தெருவுல போறவங்க எல்லாம் பாக்குற திரைக்கு என்னத்துக்கு உத்தரவுன்னு கேட்டாங்க. "பாக்கறது வேறைங்க, எழுதறது வேறைங்க"ன்னாங்க அவங்க.

அவங்க பேரை இதுல நான் எழுதலை. எழுதிக்கட்டுங்களான்னு அவங்களை நான் கேக்கலை, அதுதான் காரணம். அவங்களும் எங்க பேரு எதையும் எழுதுனதில்லை. ஊட்டுக்கு ஒரு நம்பர் போட்டு, நம்பருக்கு ஒரு நோட்டு வெச்சிருந்தாங்க. எங்க ஊடு ஏழாம் நம்பர். தெருவுல எல்லாரும் ஆராச்சியம்மான்னு சொல்லுவாங்க. நான் அக்கான்னு கூப்புடுவேன்.

நான் ஆறாவது வரைக்கும் படிச்சவ. சேலைக்கு ஃபால்ஸ் தெச்சுக் குடுக்கறேன். பேசற மாதிரிதான் எழுத வரும்.

அக்கா கொடுமுடிப் பக்கம், தோட்டங்காடு இருக்குற கவுண்டரூட்டுப் பொண்ணு. எங்கியோ வடக்க பெரிய காலேஜுல டாக்டர் பட்டத்துக்குப் படிச்சுட்டு இருந்தாங்க. நாலு வருசத்துக்கு முந்தி எங்க தெருவுக்கு வந்தாங்க. உக்கடத்துக்கு இந்தப் பக்கம் நாங்க இருக்குற எடத்துல ஊட்டுக்கு ஒருத்தர் வெளியூருல இருப்பாங்க. சவுதி, துபாய், மலேசியா, கொழும்பு. அங்க இருக்குறவங்களுக்கும் இங்க இருக்குறவங்களுக்கும் நடுவால என்னென்ன போயி வருது, காயிதம், கேசட்டு, துணிமணி, மார்க்கப் பேச்சு, கல்யாணப் பேச்சு, அதுனால நம்ம தொழுகையும் உடுப்பும் பழக்கமும் எப்படி மாறுது, நாம யாருன்னு நாம நெனைக்கறது எப்படி மாறுது, இதுதான் அவங்க ஆராச்சி. இதை அவங்க மொத நாளே எங்ககிட்ட இப்படித்தான் சொன்னாங்க. ஒளிவுமறைவு ஒண்ணுமில்லை.

தெரு முக்குல மோட்டாருக்குக் காயில் கட்டற கடைக்காரரு ஒருத்தரு, எங்க அத்தாவோட பழைய மொதலாளி, அவங்களைக் கண்டா வம்புக்கு இழுப்பாரு. எங்க ஆளுக சவுதியில என்ன திங்கறாங்கன்னு எழுதுனா உனக்கு டாக்டர் பட்டமா, அப்ப எனக்கு முட்டி வலிக்குது, ஒரு ஊசி போட்டுட்டுப் போன்னு சொல்லுவாரு. அக்கா நின்னு, குடையை மடக்கி, "ஊசி போடத் தெரியாதுங்க. நீங்க சொன்னதை எழுதிப் படிச்சுக் காட்டத்தான் தெரியும். வலி கொறையுதான்னு பாருங்க"ன்னு பதில் சொல்லிட்டுப் போவாங்க. குறுக்க ஆட்டுக்குட்டி நின்னாக்கூட, "சித்தெ நகந்துக்குங்க"ன்னு சொல்றவங்க அவங்க.

படிச்சுக் காட்டறதுன்னா அதுதான் அவங்க வேலையில பாதி. எழுதி முடிச்சதும் நோட்டைத் திருப்பி, மொதல்ல இருந்து நமக்கே படிச்சுக் காட்டுவாங்க. ஏத்தம் எறக்கம் எதுவும் இல்லாம, ரேசன் கடையில பேரு கூப்புடற மாதிரி. ஆனா அந்தக் குரல்ல நாம பேசுனதைக் கேக்கறப்ப ஒடம்பு ஒரு மாதிரி ஆயிரும். நான் இப்படியா பேசுனேன்னு பொம்பளைக மூக்கு மேல விரலை வெப்பாங்க. படிச்சு முடிச்சுட்டு, சரிங்களா, எதையாச்சும் எடுக்கோணுங்களான்னு கேப்பாங்க. எடுக்கோணும்னு சொன்னா அடிச்சுத் திருத்த மாட்டாங்க. அந்தத் தாளையே கிழிச்சு நம்ம கையில குடுத்துப்போடுவாங்க.

பக்கத்துச் சந்துல ஒரு அம்மா ஒருதடவை மனசுவிட்டுப் பேசிப்போட்டாங்க. அவங்க மகன் துபாயில இருந்து திரும்பி வந்த பொறவு, செத்தவங்களுக்கு ஃபாத்திஹா ஓதுன பூந்தியைத் தொடறதில்லை, அது மார்க்கத்துல இல்லைங்கறான், நான் அவன் புள்ளைகளை ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குக் கூட்டிட்டுப் போயி ஒளிச்சு ஊட்டறேன்னு. அக்கா அதைப் படிச்சுக் காட்டுனதும் அந்தம்மா அழுதுட்டு, இது வேண்டாம் கண்ணு, எடுத்துருன்னாங்க. ரெண்டு தாளு, முன்னும் பின்னும் எழுதுனது. அக்கா கிழிச்சுக் குடுத்துட்டாங்க.

எனக்கு மனசு ஆறலை. இவ்வளவு நல்ல விசயம் போச்சேன்னு வருத்தமில்லையாக்கான்னு வழியில கேட்டேன். "அது அவங்குளுது அம்மணி. எங்கிட்டக் கொஞ்ச நேரம் குடுத்து வெச்சிருந்தாங்க"ன்னாங்க.

உண்மையைச் சொல்லோணும். எனக்கு அவங்களைப் புடிக்கும். அதே மாதிரி எரிச்சலும் வரும். அதுவரைக்கும் எங்கிட்ட யாரும் எதையும் கேட்டு வாங்குனதில்லை. படிப்பை நிறுத்துறப்பக் கேக்கலை, மாப்பிள்ளை பாக்கறப்பக் கேக்கலை. ஒருத்தங்க வந்து நீ சொன்னதை எழுதிக்கட்டுமான்னு கேட்டா, மொதல்ல பெருமையா இருக்கும். பொறவு, என்னத்துக்கு இவ்வளவு நல்லவங்களா இருக்கறாங்க, இதுக்குள்ள ஏதோ இருக்கோணும்னு தோணும். அந்த நெனைப்பு என் மனசுல மொதல்லயே ஒரு ஓரமா இருந்துது. அதைத்தான் பொறவு வெளிய எடுத்துப்போட்டேன்.

கேசட்டைப் பத்திச் சொல்லோணும். அத்தா சவுதியில தம்மாம்ல மோட்டார் காயில் கட்டற வேலையில இருந்தாரு. காயிதம் எழுத வராது. கேசட்டுலதான் பேசி அனுப்புவாரு, ஊருக்கு வர்ற யாராச்சும் கையில. நாங்க கேட்டுட்டு, அதே கேசட்டுல அவரு பேசுனதுக்கு மேலயே எங்க பேச்சைப் பதிஞ்சு, திரும்பிப் போறவங்க கையில குடுத்தனுப்புவோம். அவரு அதைக் கேட்டுட்டு அதுக்கு மேல பேசி அனுப்புவாரு. தெருவுல எல்லா ஊட்டுலயும் இப்படித்தான். பேசுனது போயிச் சேந்துருச்சுன்னா கேசட்டு காலிதானே. அதுக்கு மேல நாங்க நெனைச்சதில்லை.

இதைக் கேட்டு அக்கா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. "மேலயே பேசிப்போடுவீங்களா? அப்ப அவரு பேசுனது?" அவரு பேசுனதைத்தான் கேட்டாச்சேன்னாங்க அம்மா. அக்கா கேசட்டைத் திருப்பி, பின்னால இருக்குற ரெண்டு பிளாஸ்டிக் பல்லைக் காட்டுனாங்க. ஒரு பக்கத்துக்கு ஒரு பல்லாம். அதை ஒடைச்சுப்போட்டா அந்தப் பக்கத்துல மேல பதிய முடியாதாம். அம்மா, அப்பறம் நாங்க எதுல பதில் பேசறதுன்னு கேட்டாங்க. அக்கா கேசட்டை அம்மா கையிலயே திருப்பிக் குடுத்துட்டு, நோட்டை மூடி வெச்சாங்க.

ஒரு கேசட்டையாச்சும் பிரதி எடுத்து வெச்சுக்கட்டுங்களான்னு அதுக்கப்பறம் ஒரு மாசம் கழிச்சுத்தான் கேட்டாங்க. அம்மா சரின்னாங்க. எங்க டபுள் டெக்குல ஒரு பக்கம் அத்தா கேசட்டு, மறு பக்கம் அவங்க வாங்கியாந்த புது கேசட்டு. அத்தா பேச ஆரம்பிச்சாரு. தெரு விசாரிப்பு, கூரை ஓடு மாத்துனீங்களா, மகளுக்குப் பல்லு வலி நின்னுச்சா, இதெல்லாம். கொஞ்ச நேரத்துல அவரு குரலு எறங்குச்சு. அம்மாவை மட்டும் பேரு சொல்லிக் கூப்புட்டாரு. அந்த நிமிசமே அக்கா எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. தண்ணிக் கொழாய்கிட்டப் போயி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்னுட்டாங்க. கேசட்டு ரெண்டும் ஓடிட்டே இருந்துது.

நான் திரைக்குப் பின்னால நின்னு கேட்டேன். எனக்குச் சொல்லலைன்னு தெரிஞ்சும் கேட்டேன்.

அத்தா என்ன சொன்னாருன்னா, ஆறு மாசமா நெஞ்சு வலிக்குது, டாக்டர் சொன்னது புரியலை. நம்ம தர்காவுல எனக்காக ஒரு போர்வை போத்திப்போடு. நான் சொன்னேன்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. நான் வேண்டாம்னு சொன்னதெல்லாம் சொன்னதுதான், ஆனா எனக்குப் பயமா இருக்குது புள்ளே.

அத்தா இதைச் சொன்னாருன்னா தெருவுல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. ஏன்னா தர்காவுக்குப் போறது தப்பு, போர்வை போத்தறது தப்புன்னு அங்க இருந்து மார்க்கப் பேச்சு கேசட்டா வாங்கி வாங்கி அனுப்புனது அவருதான். அதெல்லாம் காயில் கடையில ஓடும். சின்னப் பசங்க உக்காந்து கேப்பாங்க. எங்க ஊட்டுக்கு அதுல ஒரு மதிப்பு. நாலு பேரு எங்க அத்தா பேரைச் சொல்லி, அவரு வழியில வந்தவங்கன்னு பொண்ணுக் கேட்டு வந்ததும் அதனாலதான்.

கேசட்டு நின்னதும் அக்கா உள்ள வந்து, இதை வெச்சுக்கறதுங்களா, அழிச்சர்றதுங்களான்னு கேட்டாங்க. அம்மா கண்ணைத் தொடைச்சுட்டு, "வெச்சிரு கண்ணு. இங்க இருந்தா அழிஞ்சு போயிரும். உங்கிட்டயே இருக்கட்டும்"ன்னாங்க. அக்கா கேசட்டு மேல ஏழுன்னு எழுதிப் பையில போட்டுக்கிட்டாங்க.

அடுத்த வருசம் என்னைப் பொண்ணுக் கேட்டு ரெண்டு சந்து தள்ளி இருந்து ஒரு மாமி வந்தாங்க. இன்னைக்கு என் மாமியாரு. நல்லவங்கதான். மார்க்கத்துல கண்டிப்பு. எங்க அத்தா அனுப்புன கேசட்டு ஒவ்வொண்ணையும் கேட்டவங்க. உன்ற அத்தா மாதிரி ஒருத்தரு சம்பந்தியா வர்றது எங்களுக்குப் பெருமைன்னு என் தாடையைத் தொட்டுச் சொன்னாங்க. எனக்கு அந்த ஊடு புடிச்சிருந்துது. மாப்பிள்ளையும் புடிச்சிருந்துது. இதையும் சொல்லிப்போடறேன், இல்லீன்னா நான் செஞ்சது புரியாது.

பேச்சோட பேச்சா மாமி ஒண்ணு கேட்டாங்க. அந்த ஆராச்சிப் புள்ளைகிட்ட உங்க ஊட்டுக் கேசட்டு இருக்குதாமே, புஸ்தகமாப் போடப் போறாளாமேன்னு. சும்மாத்தான் கேட்டாங்க. தர்கா, போர்வை, பயமா இருக்குது புள்ளே, எல்லாம் புஸ்தகத்துல வரும். நம்பர் போட்டா மட்டும் எங்க ஊடுன்னு தெரியாதா?

அக்காகிட்டப் போயி, அந்தப் பேச்சை எடுத்துருங்கக்கான்னு சொல்லியிருந்தா ஒரு நிமிசத்துல கிழிச்சுக் குடுத்திருப்பாங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அப்படிக் கேட்டா, அந்தப் பேச்சுல என்னமோ இருக்குதுன்னு நானே ஒத்துக்கற மாதிரி ஆயிரும்னு நெனைச்சேன்.

அந்தச் சமயம் எங்க தெரு முனையில போலீஸ் செக்போஸ்டு போட்டிருந்தாங்க. பசங்களைக் கூப்புட்டுப் பேரு கேப்பாங்க, யாரு ஊட்டுல யாரு வெளிநாட்டுலன்னு கேப்பாங்க. எல்லாரும் பயந்து கெடந்த நேரம். மறுநாளு தண்ணி புடிக்கப் போனேன். பொம்பளைக ஏழெட்டுப் பேரு கொடத்தோட நின்னுட்டு இருந்தாங்க. ஆராச்சியம்மா ஏன் இன்னைக்கு வரலைன்னு யாரோ கேட்டாங்க.

நான் கொடத்தைப் பாத்துட்டே சொன்னேன். "அவங்க எழுதறதெல்லாம் போலீசுக்குப் போகுதாம்."

அவ்வளவுதான். ஒரே வரி. யாரும் யாரு சொன்னான்னு கேக்கலை. ஒருத்தி கொடத்தை நெறையாமயே தூக்கிட்டுப் போனா. சாயங்காலத் தொழுகைக்குள்ள தெருவே கதவைச் சாத்திருச்சு. காயில் கடைக்காரரு அவங்களைப் பாத்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாராம். வம்புக்கு இழுக்கலையாம்.

மூணாம் நாளு அக்கா எங்க ஊட்டுக்கு வந்தாங்க. மத்தியானம், லுஹர் தொழுகை முடிஞ்ச நேரம். கல்யாணத்துக்குத் தேதி பேச மாமியும் வந்து உக்காந்திருந்தாங்க. அக்கா வாசல்லயே நின்னாங்க. எல்லா ஊட்டுலயும் அவங்கவங்க நோட்டுத் தாளைத் திருப்பிக் குடுத்துட்டு வர்றேன், உங்களுதும் கொண்டாந்திருக்கறேன்னு சொல்லி, எங்க நோட்டுல இருந்த தாளெல்லாம் கிழிச்சுக் கட்டுன ஒரு கட்டையும் அந்தக் கேசட்டையும் எடுத்து வெச்சாங்க.

மாமி கேசட்டைக் கையில எடுத்தாங்க. "சம்பந்தி பேசுனதா? எத்தனை நாளாச்சு அவரு குரலைக் கேட்டு. போடேன் கேப்போம்."

நான் கேசட்டைப் பிடுங்காத கொறையா வாங்குனேன். இது ஊட்டுப் பொம்பளைகளுக்குப் பேசுனது மாமி, வெளிய கேக்கக்கூடாது, இதை இப்பவே அழிக்கோணும்னேன். அக்காகிட்ட நீட்டி, "நீங்களே அழிங்க. நாங்க பாக்கோணும்"னு சொன்னேன்.

அக்கா என்னைப் பாக்கலை. அம்மாவைப் பாத்தாங்க. "அழிச்சர்றதுங்களாம்மா?" அம்மா மாமியைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. தலையை ஆட்டுனாங்க.

அக்கா டெக்குல கேசட்டைப் போட்டு, பதியற பட்டனை அமுக்கிட்டு, பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்தாங்க. ஒரு பக்கம் முழுசா ஓடறதுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் நாங்க நாலு பேரும் அந்த ரூமுல இருந்தோம். அவங்க அழுகலை. சண்டை போடலை. முடிஞ்சதும் கேசட்டை எடுத்து என் கையில குடுத்துட்டு, செருப்பை மாட்டிட்டுப் போயிட்டாங்க. தாளெல்லாத்தையும் நான் வெந்நீர் அடுப்புல போட்டேன். கேசட்டை எதுக்கோ பீரோவுக்கு அடியில தள்ளிவிட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆச்சு. நல்லாத்தான் இருக்கறேன்.

போன மாசம் அத்தா தம்மாம்ல மவுத்தாயிட்டாரு. நெஞ்சு வலிதான். கூட வேலை செஞ்சவரு போன்ல சொன்னாரு. அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. மூஞ்சியைப் பாக்கலை. அம்மா இத்தாவுல உக்காந்துட்டாங்க, புருசன் போனவங்க நாலு மாசம் பத்து நாளு வெளிய வராம இருக்கறது. நான் அவங்ககூட வந்து இருக்கறேன்.

அம்மா பெருசா அழுகலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டே இருந்தாங்க. "அவரு குரலை ஒருதடவை கேக்கோணும் கண்ணு. 'ஏ புள்ளே'ன்னு கூப்புடற மாதிரி ஒண்ணு இருந்தாப் போதும்." ஊட்டுல அத்தா அனுப்புன கேசட்டு ரெண்டு பெட்டி இருக்குது. எல்லாம் வேற யாராரோ பேசற மார்க்கப் பேச்சு. அவரு பேசுனது ஒண்ணுகூட இல்லை. எல்லாத்துக்கும் மேல நாங்க பேசி அனுப்பிட்டோம். அவரு என்ன சொன்னாருன்னு எனக்கு ஞாபகம் இருக்குது. சொன்ன குரலு வரமாட்டேங்குது. கண்ணை மூடிப் பாத்துட்டேன், வரமாட்டேங்குது.

அம்மாவேதான் சொன்னாங்க. அந்தப் புள்ளைகிட்ட இன்னொண்ணு இருக்குமா, போயிப் பாத்துட்டு வாயேன்.

ஈரோட்டுக்குப் போயி, அங்க இருந்து கொடுமுடிக்கு இன்னொரு பஸ்ஸு. வழியெல்லாம் ஒரே துவாதான். யா அல்லா, அவங்க எங்களை ஏமாத்தியிருக்கோணும். ஒண்ணை அழிச்சுட்டு இன்னொண்ணை ஒளிச்சு வெச்சிருக்கோணும். ஆராச்சி பண்றவங்க ஒரு கேசட்டை நம்பியா இருப்பாங்க? இன்னொண்ணு கட்டாயம் எடுத்திருப்பாங்க. அவங்க கெட்டவங்களா இருக்கோணும்னு நான் துவா கேட்டேன். அவங்க மேல பொய் சொன்னப்பக்கூட நான் அவங்களைக் கெட்டவங்கன்னு நம்பலை. இப்ப நம்ப ஆசைப்பட்டேன்.

ஊட்டு வாசல்ல மஞ்சள் காயப்போட்டிருந்தாங்க. என் புர்காவைப் பாத்துட்டு அவங்க அண்ணன் யாருன்னு கேட்டாரு. அக்கா வெளிய வந்தாங்க. கொஞ்சம் இளைச்சிருந்தாங்க. "வாங்க அம்மணி, ஏழாம் நம்பரு"ன்னு சிரிச்சாங்க. பக்கத்து ஊரு ஸ்கூல்ல பாடம் எடுக்கறாங்களாம். டாக்டர் பட்டம் என்னாச்சுன்னு கேட்டதுக்கு, முடிக்கலை கண்ணு, தெருவே இல்லாம தெருவைப் பத்தி என்னத்தை எழுதறதுன்னாங்க. சாதாரணமாச் சொன்னாங்க.

அத்தா மவுத்தானதைச் சொன்னேன். என் கையைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. பொறவு அந்தக் கேசட்டு இன்னொண்ணு இருக்குதுங்களாக்கான்னு கேட்டேன்.

உள்ள போயி ஒரு தகரப் பொட்டியைத் தூக்கியாந்தாங்க. ஒவ்வொரு ஊட்டு நோட்டும் இருந்துது, வெறும் அட்டையும், கிழிச்ச தாளோட நூலும். ஏழாம் நம்பரைத் தேடி எடுத்து என் மடியில வெச்சாங்க. ஒண்ணுமே இல்லை.

"ஒண்ணுதான் எடுத்தேன் கண்ணு. அதையும் உங்க முன்னாலதானுங்களே அழிச்சேன்."

அப்ப அத்தா பேசுனது உங்களுக்காச்சும் ஞாபகம் இருக்குமாக்கா, எப்படிப் பேசுனாருன்னு, இருமுனாரா, நடுவால நிறுத்துனாரா, எதாச்சும்னு கேட்டேன்.

அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. "நான் அதைக் கேக்கவே இல்லையே அம்மணி. அம்மாவைப் பேரு சொல்லிக் கூப்புட்டாரு, நான் வெளிய போயிட்டேன். வெச்சிருன்னுதான் அம்மா சொன்னாங்க. கேட்டுக்கன்னு சொல்லலையே."

ஒரு வருசம் அவங்க பையில இருந்த கேசட்டு அது. அவங்க அதைப் போட்டே பாக்கலை. நான் எதுக்குப் பயந்தேனோ அது அவங்களுக்குத் தெரியவே தெரியாது.

சோறு போட்டாங்க. தின்னேன். திங்கறப்ப அவங்களாத்தான் சொன்னாங்க, அன்னைக்கு யாரோ பயத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க, பயந்தவங்களை என்ன சொல்றது, உங்க தெரு அப்ப இருந்த இருப்புக்கு நானும்தான் பயந்திருப்பேன்னு. எனக்கு ரசம் ஊத்துனாங்க. அந்த எடத்துல நான் சொல்லியிருக்கோணும். வாயில சோறு இருந்துது. முழுங்கிட்டு, ரசம் நல்லா இருக்குதுங்கக்கான்னு சொன்னேன்.

ஊட்டுக்கு வந்து, இல்லைம்மான்னேன். அம்மா, "அவ அப்படித்தான். சொன்னாச் சொன்ன மாதிரி அழிச்சிருப்பா"ன்னு சொல்லிட்டு தஸ்பீஹ் மணியை எடுத்துக்கிட்டாங்க. எனக்குப் பொறுக்கலை. பீரோவுக்கு அடியில இருந்து அந்தக் கேசட்டை எடுத்தேன். கடைசியில ஒரு துளியாச்சும் மிச்சம் இருக்காதான்னு டெக்குல போட்டேன்.

மொதல்ல ஒண்ணும் இல்லை, இரைச்சல்தான். பொறவு மின்விசிறி சுத்தற சத்தம் கேட்டுது. ஆட்டோ போற சத்தம். டெக்குகிட்டக் காதைக் கொண்டு போனேன். டெக்குக்குள்ளயே மைக்கு இருக்குது. பதியற பட்டனை அமுக்குனா அந்த ரூமுல என்ன சத்தமோ அது பதியும். அன்னைக்கு அந்த அரை மணி நேரமும் அப்படியே அதுக்குள்ள இருக்குது.

அம்மா டீ கொண்டாந்து வெக்கற சத்தம். "டீ எதுக்கும்மா, அவங்க கெளம்பற நேரம்"னு ஒரு குரலு. நல்ல கூர்மையான குரலு. அது நான்.

ரொம்ப நேரம் ஒண்ணுமில்லை. பொறவு அக்கா.

"ஏனுங்க அம்மணி, நான் போலீசுக்கு எழுதறேன்னு யாருங்க சொன்னது?"

"ஊரே சொல்லுது."

திரும்பவும் மின்விசிறி. அப்பறம் பேனா மூடியைத் தெறக்கற சத்தம், தாள்ல எழுதற சத்தம். பொறவு அக்கா, ஏத்தம் எறக்கம் இல்லாம, படிச்சுக் காட்டறாங்க. "ஏழாம் நம்பர் வீடு. சொன்னது எல்லாத்தையும் திருப்பிக் குடுத்தாச்சு. இனி எங்கிட்ட எதுவும் இல்லை. சரிங்களா அம்மணி?"

"சரி."

டக்குன்னு நின்னுச்சு. அத்தா பேசுனதுல ஒரு எழுத்துக்கூட மிச்சமில்லை.

அம்மா சொவரோரமா உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தாங்க. "ஊருல யாருடி சொன்னாங்க? எங்கிட்ட யாரும் வந்து சொல்லலையே."

"நான்தாம்மா."

அம்மா என்னைத் திட்டலை. உருட்டிட்டு இருந்த மணி மட்டும் நின்னுச்சு. பொறவு ரொம்ப நேரம் கழிச்சு, அடுத்த மணிக்குப் போச்சு.

கேசட்டைத் திருப்பி, அக்கா காட்டிக்குடுத்த எடத்துல, ஊசியை வெச்சு ஏ பக்கத்துப் பல்லை ஒடைச்சுப்போட்டேன். இனி அதுக்கு மேல யாரும் எதுவும் பேச முடியாது. நானும் முடியாது.

பி பக்கம் காலியா இருக்குது. மூணு நாளு பட்டனை அமுக்கிப் பாத்தேன். அக்கான்னு கூப்பிட்டதுக்கு மேல குரலு வரலை. அதுதான் ஃபால்ஸ் வேலையை ஒதுக்கி வெச்சுட்டு மொதல்ல இதை எழுதிட்டேன். பி பக்கத்துல இதைப் பாத்துப் படிச்சா குரலு வந்துரும். ஏத்தம் எறக்கம் இல்லாம, நீங்க படிக்கற மாதிரி படிக்கறேன். கேசட்டைக் கொடுமுடிக்குப் போறவங்க யாரு கையிலயும் குடுக்க மாட்டேன். தபால்ல போடறேன். ரெண்டு பக்கமும் கேளுங்க.

அக்கா, ஊருன்னு யாரும் இல்லைங்க. கொழாயடியில கொடத்தைப் பாத்துட்டே சொன்னவ நான்தான். உங்களைப் பத்தி எழுதிப்போட்டேன், கேக்காமயே எழுதிப்போட்டேன். இது சரிங்களா? எதையாச்சும் எடுக்கோணுங்களா? வேண்டாம்னா சொல்லியனுப்புங்க. கிழிச்சு உங்க கையிலயே கொண்டாந்து குடுத்தர்றேன்.